கல்லாறு டூ தொட்டபெட்டா

ஜனவரி 11, சனி
ரயில் டிக்கெட் வழக்கம் போல கிடைக்கல, மாமாவோட பைக்ல தான். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரம். கீழ தான் சூடு, அதனால செடி வகையும் இங்க தான் ஜாஸ்தின்னு நெனச்சு நோட்டு பேனாவோட வந்தேன், பாத்தா வெறும் முள்ளும் காஞ்ச புல்லும். தென்மேற்கு மழையை மலையே மறிச்சுக்குது. கல்லாறு தாண்டி பர்லியார் வந்ததும் தான் காடு மாறுச்சு, பலா, ஜாதிக்கா, மரத்து மேல கொடி, கொடி மேல பாசி, பத்து அடிக்கு ஒரு புது இலை. ரெண்டு பக்கம் எழுதிட்டு கை வலிச்சு விட்டுட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு
குன்னூர்ல இருந்து ஊட்டி வரைக்கும் டீ, சில்வர் ஓக், யூகலிப்டஸ், சீகை மரம். இதுல எழுத என்ன இருக்கு. பழைய காடு பள்ளத்துல ஒட்டிட்டு இருக்கற சோலை மட்டும் தான்.

ஜனவரி 13, திங்கள்
காலைல புல்லு மேல உப்பு கொட்டின மாதிரி உறைபனி. ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா ஆறு டிகிரி குறையும்னு படிச்சது இன்னைக்கு விரல்ல தெரிஞ்சுது. வெட்டவெளில முளைக்கற மரக்கன்னு இந்தப் பனில கருகிடும், சோலைக்குள்ள அவ்ளோ உறையாது, அதான் புல்வெளியும் சோலையும் கோடு கிழிச்ச மாதிரி நிக்குதுன்னு மாமா சொன்னாங்க.

தொட்டபெட்டா 2637 மீட்டர். மரமெல்லாம் குட்டை, உடம்பு பூரா பாசி. பர்லியார்ல ரெண்டு பக்கம் போன நோட்டு இங்க அரைப் பக்கம் கூட தாண்டல, சப்புன்னு போச்சு. "எண்ணாத மாப்ள, இதெல்லாம் வேற எங்க இருக்குன்னு கேளு"ன்னாங்க மாமா. செக்கச்செவேல்னு ஒரு காட்டுப்பூவரசு பூத்திருந்துச்சு. ரோடோடெண்ட்ரான். இந்த ரகம் நம்ம மேற்குத்தொடர்ச்சி மலை உச்சிகள்ல மட்டும் தான், சொந்தக்காரங்க இலங்கை மலைல, அதை விட்டா எங்கயோ இமயமலைல. நடுவுல இருக்கற சமவெளில ஒண்ணு கூட கிடையாது, கடலுக்கு நடுவுல தீவு மாதிரி. ஒரு காலத்துல ஊரே குளிரா இருந்தப்ப கீழ வரைக்கும் பரவி இருந்து, சூடு ஏற ஏற மேல ஒதுங்கிடுச்சுன்னு சொல்றாங்க. குறிஞ்சியும் இப்படி மேட்டு ஆளு தான், 2018ல பூத்துச்சு, இனி 2030.

போட்டோ அனுப்பினதும் அம்மா போன். "பூவரசு தானே, ஒரு கொம்பு ஒடிச்சுட்டு வா, கிணத்தடில நட்டா தானா வந்துரும்." இது அந்தப் பூவரசு இல்லம்மா, கோயமுத்தூர் வெயிலுக்குத் தாங்காதுன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டாங்க. வர்க்கி ரெண்டு கிலோ வாங்கியாச்சு.