முயல் தும்மினால் முன்னங்காலைப் பாருங்கள்

முயல் தும்மிவிட்டது என்று உடனே பதற வேண்டியதில்லை. பெல்லட் தீவன மூட்டையின் அடியில் சேரும் தூள், காய்ந்த வேலிமசால் தழையில் இருக்கும் தூசி, இதற்கெல்லாம் நல்ல ஆரோக்கியமான முயலே நாலு தும்மல் போடும், போட்டுவிட்டுத் தின்ன ஆரம்பித்துவிடும். நான் பார்ப்பது முன்னங்கால்களின் உட்பக்கத்தை. மூக்கில் சளி ஒழுகினால் அது நம் கண்ணில் படுவதற்குள் காலால் துடைத்துவிடும் பிராணி இது. அதனால் மூக்கு சுத்தமாகத்தான் தெரியும், காலைத் திருப்பிப் பார்த்தால் ரோமம் ஒட்டிக் காய்ந்து, கஞ்சி போட்ட துணி மாதிரி மொடமொடவென்று இருக்கும்.

இந்த மழைக்காலத்தில் என்னிடம் இருக்கும் சோவியத் சின்சில்லா இன ஆண் முயலுக்கு அப்படித்தான் இருந்தது. மூக்கில் லேசான வெள்ளைச் சளி, மூச்சு விடும்போது ஒரு கொரகொரப்பு, ஒரு பக்கக் கண்ணில் ஈரம். தீனி மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது, அது ஒன்றுதான் ஆறுதல். அன்றைக்கே மாடியிலிருந்து இறக்கிப் படிக்கட்டுக்குக் கீழே தனிக் கூண்டு. தண்ணீர்ப் பாத்திரம், தீனித் தட்டு, பிரஷ் எல்லாம் அதற்கென்று தனி. மற்ற முயல்களுக்கெல்லாம் தீனி வைத்து முடித்த பிறகு கடைசியாகத்தான் இதைத் தொடுவது, தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது.

பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, பாப்பாவுக்கு வாங்கின அமாக்சிசிலின் சிரப் பாதி இருக்கு, ரெண்டு சொட்டு ஊத்திப் பாரேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், ஆனால் முயல் வளர்க்கிறவர்கள் இதை மட்டும் மறக்கவே கூடாது: அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்து, கிளாஸ்டிரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்கி, சளியில் சாகாத முயல் கழிச்சலில் செத்துப்போகும். நாய், மாட்டுக்குக் கொடுக்கிறார்களே என்று இதற்கும் கொடுத்துவிட முடியாது.

கால்நடை டாக்டர் முதலில் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைத்தான் பார்த்தார். மேல்வரிசைப் பல்லின் வேர் நீண்டு கண்ணீர்க் குழாயை அழுத்தினாலும் கண்ணிலும் மூக்கிலும் இதே மாதிரி ஒழுகுமாம். பல் சரியாக இருந்ததால், பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற கிருமியாக இருக்க வாய்ப்பு அதிகம், போர்டெடெல்லா, ஸ்டஃபிலோகாக்கஸ் போன்றவையும் இருக்கலாம் என்றார். மூக்கின் உள்ளிருந்து சளி எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, எடை போட்டு, அந்த அளவுக்கு என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். சளி நின்றதும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது, முழுசாகக் கொடுத்து முடிக்க வேண்டும் என்று ரெண்டு தடவை சொன்னார். கூடவே அவர் சொன்னபடி, வீட்டில் இருந்த, மருந்தைப் புகை மாதிரி ஆக்கும் நெபுலைசரில் வெறும் சலைன் (உப்பு நீர்) போட்டு, துணி மூடிய அட்டைப்பெட்டிக்குள் முயலை வைத்து அந்தப் புகையைக் காட்டினேன். முதலில் மூலையில் ஒண்டிக்கொண்டது, அப்புறம் பழகிவிட்டது. காட்டி முடித்த கொஞ்ச நேரத்தில் சளி இளகித் தும்மித் தள்ளும். உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் மூக்கைத் துடைத்துவிட்டால் உடனே புல்லைத் தேடும். மூக்கடைத்தால் வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் முயல் தின்னாது, அரை நாள் தின்னாமல் கிடந்தாலே குடல் நின்றுபோகும் ஆபத்து உண்டு.

மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு இதில் பெரிய விஷயமாகப் பட்டது காற்று. மழைச் சாரலுக்காக எல்லோரும் செய்வதுபோல மாடியில் கூண்டுகளைச் சுற்றி நாலு பக்கமும் சாக்குப் படுதா தொங்கியது. நின்றுகொண்டு பார்த்தால் ஒரு வாடையும் இல்லை. குத்துக்கால் போட்டு, கீழ் அடுக்குக் கூண்டின் கம்பிக்குப் பக்கத்தில் மூக்கை வைத்தால் கண் எரிகிறது. மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா அங்கேதான் தேங்கி நிற்கிறது, முயலின் மூக்கும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. அது மூக்கின் உள்தோலை அரித்து, கிருமியைத் தள்ளிவிடும் நுண்மயிர்களைக் கெடுத்துவிடும், ஏற்கெனவே சும்மா ஒளிந்திருக்கும் பாஸ்டுரெல்லாவுக்கு அது போதும். முயல் குளிரைத் தாங்கும், ஈரத்தையும் அடைசலையும்தான் தாங்காது. இப்போது சாரல் அடிக்கும் வடகிழக்குப் பக்கம் மட்டும் படுதா, அதிலும் மேலே ஒரு முழம் திறப்பு. கூண்டுக்கு அடியில் மூத்திரம் விழும் தட்டைத் தினமும் கொட்டிக் கழுவுகிறேன், அடியில் பாறை மாதிரி படியும் வெள்ளைக் கறைக்கு வினிகர் ஊற்றி ஊறவைத்தால் உரிந்து வருகிறது. கீழ் அடுக்கை இப்போதைக்குக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

மூச்சு எண்ணுவதையும் பழக்கமாக்கிக்கொண்டேன். விலாப்பக்கம் ஏறி இறங்குவதைக் காலை வெயிலுக்கு முன் எண்ணினால் நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை இருக்கும். மதியச் சூட்டில் எண்ணினால் கணக்கு எகிறும், அது சளி இல்லை, வெக்கை. ஆனால் தலையை அண்ணாந்து வாயால் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், வண்டியை எடுங்கள். மூக்கால் மட்டுமே மூச்சு விடப் பிறந்த பிராணி வாயைத் திறக்கிறது என்றால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது.

இப்போதைய நிலவரம்: கொரகொரப்பு இல்லை, கால் ரோமம் உதிரியாக இருக்கிறது, இறங்கிய எடையும் திரும்பிவிட்டது. ஆனாலும் கிருமி மூக்கின் உள் அறைகளில் தங்கிவிடும் வகை, குளிரோ அலைச்சலோ வந்தால் திரும்பவும் தலைகாட்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பதால், இதை இனப்பெருக்கத்துக்கு விடப்போவதில்லை. இதிலிருந்து பெண்ணுக்கும், தாயிடமிருந்து குட்டிக்கும் ஒட்டிக்கொள்ளும் நோய், எதற்கு வம்பு? கண்காட்சிக்கும் கிடையாது, வீட்டில் செல்லமாக இருக்கட்டும். அதற்குப் பதிலாக வேறொரு ஆண் வாங்க வேண்டும், கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் இருக்கும் ஆடு, முயல் ஆராய்ச்சி மையத்தில் விசாரிக்கலாம் என்று இருக்கிறேன். வந்தால் அதற்கும் ஒரு மாசம் படிக்கட்டுக்குக் கீழேதான் வாசம்.