கை ஒரு லாட், பாடி ஒரு லாட்

ஜூன் 5, 2011, ஞாயிறு. திருப்பூர்

இன்னும் இரண்டே நாள். மார்பிட் ஏஞ்சல் என்ற அமெரிக்க டெத் மெட்டல் குழுவின் புது ஆல்பம் 7ஆம் தேதி வருகிறது. இதற்கு முந்தையது 2003இல் வந்தது. அப்போது கோவையில் விடுதி அறையில் படுத்துக்கொண்டு, ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பிரித்துக் கேட்டோம். இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். எட்டு வருடம் ஓடிவிட்டது.

இந்த முறை டேவிட் வின்சென்ட் வேறு பாடுகிறார். 1995 ஆல்பத்துக்குப் பிறகு விலகிப் போனவர், 2004இல் திரும்பி வந்துவிட்டாலும் ஸ்டுடியோவில் அவர் குரலில் எதுவும் வரவில்லை. அதையும் சேர்த்தால் பதினாறு வருடக் காத்திருப்பு. ஆல்பம் பெயர்களை ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்து வரிசையில் வைத்துக்கொண்டே போகிறவர்கள் இவர்கள். இது 'ஐ': இல்லுட் டிவைனம் இன்சேனஸ். லத்தீன். வாயில் நுழையாத பெயர்தான், அதனால் என்ன.

ஜூன் 8, புதன். இரவு

நண்பன் மாப்ளை கோவையிலிருந்து பென் டிரைவோடு வந்திருந்தான். ஆறு மணிக்குப் போன கரண்ட் எட்டுக்குத்தான் வந்தது. சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தோம்.

முதல் பாட்டு வெறும் முன்னோட்டம். சரி. இரண்டாவது ஆரம்பித்ததும் 'டும், டும், டும்' என்று ஒரே அளவில் ஒரு அடி. டெக்னோ அடி, டான்ஸ் பாட்டுக்குப் போடுவது. இதோ கிதார் வந்து இதை மிதித்து நசுக்கப் போகிறது என்று காத்திருந்தேன். கிதாரும் வந்தது, வந்து அந்த அடியோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்துவிட்டது. ஆறு நிமிடத்துக்கு மேல் அதேதான்.

“ஃபைல் மாறிப் போச்சாட்ட இருக்குது மாப்ள” என்றான்.

மூன்றாவது பாட்டில் உயிர் வந்தது. ட்ரே அசாக்தோத்தின் அந்தக் குழைந்து நெளிகிற கிதார், அதேதான். நான்காவதும் நன்றாக ஓடியது. அப்புறம் ஐந்தாவது, மேடையில் கூட்டத்தைக் கத்த வைப்பதற்காகவே செய்தது போல ஒரு கோஷம். ஆறு தேவலாம். ஏழில் மறுபடியும் டும் டும். பத்தாவது பாட்டைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

நடுவில் அமுச்சி, என் பாட்டி, வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். பத்து வருடமாக என் பாட்டைக் கேட்டால் “மோட்டாரை நிறுத்துடா” என்று மட்டுமே சொல்லி வந்தவள். இன்றைக்கு, “இது பரவால்ல சாமி. நோம்பிக்கு ரேடியோ செட்டுல போடறாப்பல இருக்குது” என்றாள். மாப்ளை தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஜூன் 9, வியாழன்

ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து எங்கள் துணி வெளியூருக்குப் போய்ச் சாயமேறி வருகிறது. நொய்யலைப் பார்த்தால் மூடச் சொன்னதில் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் செக்கிங் மேஜையில் நிற்கிறவன் பாடு வேறு. இன்று நேவி புளூ டீ-ஷர்ட், ஒரு பண்டல். டியூப் லைட்டில் குறையே இல்லை. பீஸை லைட் பாக்ஸுக்குள் விரித்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன், பாடியும் கையும் ஒன்றுதான். டிஎல் 84 என்கிற கடை வெளிச்ச விளக்குக்கு மாற்றினேன், லேசாகச் சந்தேகம். மஞ்சள் பல்புக்கு மாற்றியதும் தோள் தையலுக்கு இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் கை செம்மையடித்துக்கொண்டு நின்றது. கட்டிங்கில் இரண்டு லாட், அதாவது தனித்தனியாகச் சாயமேறின துணி, கலந்துவிட்டது.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு துணியுமே நல்ல துணி. ஒரே லாட்டில் முழு பீஸாகத் தைத்திருந்தால் பையர் வாய் திறக்க மாட்டார். சேர்த்துத் தைத்ததுதான் ரிஜெக்ட்.

பண்டலைக் கட்டி ஓரமாக வைக்கும்போது நேற்றைய ஆல்பம் நினைவுக்கு வந்தது. டீ குடிக்கும்போதும் அதே நினைப்பு.

ஜூன் 12, ஞாயிறு

மாப்ளையோடு போனில் சண்டை. “பழசையே அரைக்கச் சொல்றியா?” என்கிறான். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? 1989இல் அந்த வேகத்தில் முதல் ஆல்பம் போட்டவர்கள் 1991இல் வேகத்தைக் குறைத்து, நடுவில் சின்னச் சின்ன இசைத் துண்டுகளை வைத்தார்கள். அது எனக்கு முதலாவதைவிடப் பிடிக்கும். 1994இல் ஸ்லோவேனியாவின் லைபாக் குழுவிடம் பாட்டைக் கொடுத்து ரீமிக்ஸ் செய்ய வைத்தார்கள். வின்சென்ட் நடுவில் இண்டஸ்ட்ரியல் ராக் குழுவில் வாசித்தவர். மெஷின் சத்தம் இவர்களுக்குப் புதிதே இல்லை. முழு ஆல்பத்தையும் அப்படியே செய்திருந்தால் திட்டிக்கொண்டாவது மதித்திருப்பேன். இது பாதி ரசிகனுக்குப் பயந்து, பாதி ரசிகனைச் சீண்ட என்று செய்தது.

டிரம்ஸ் பற்றியும் பேச்சு வந்தது. பீட் சாண்டோவல் முதுகு அறுவை சிகிச்சையால் வாசிக்கவில்லை, டிம் யங் வாசித்திருக்கிறார். அவர் பேரில் குறையில்லை, கணக்காக அடிக்கிறார். ஆனால் சாண்டோவல் அடிப்பது சோமனூர்ப் பக்கம் தறிக்கூடத்தில் நிற்பது போல. இருபது தறி ஒன்றாக ஓடும், எது எப்போது அறுந்துகொண்டு வெளியே பாயுமோ என்று ஒரு பயம் இருக்கும். அந்தப் பயத்துக்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

மாப்ளை கடைசியில், “பத்தாவது பாட்டு எனக்குப் புடிச்சிருக்குது” என்றான். போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 26, ஞாயிறு

மூன்று, நான்கு, ஆறு, எட்டு. இந்த நான்கை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டுக்கொண்டேன். ஒன்பதை வைப்பதா வேண்டாமா என்று ஒரு வாரம் இழுத்து, நேற்று அழித்துவிட்டேன்.

அந்த நேவி புளூ பண்டல் செகண்ட்ஸாகக் காதர்பேட்டைக்குப் போய்விட்டது. சொல்லிவைத்து ஒரு பீஸ் வாங்கி வந்தேன், நாற்பது ரூபாய். சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து மூன்றாவது பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல காத்து. அமுச்சி விளக்குப் போட வந்தாள். வாசலில் எங்களுக்கு இன்னமும் குண்டு பல்புதான்.

ஸ்விட்சைப் போட்டவள் என்னை ஒரு தரம் பார்த்தாள்.

“கை மட்டும் ஏஞ்சாமி செவந்து கெடக்குது?” என்றாள். அப்புறம், “அந்த மோட்டாரையும் நிறுத்து.”