மாமாவின் சீக்கோவுக்கு ஒரு செயின்

2024 ஜூலை 6, சனி

மாமாவின் பழைய சீக்கோ ஃபைவ் கைமணிக்கூடு ஓடத் தொடங்கிவிட்டது. போன மாதம் காத்தான்குடியில் மணிக்கூடு திருத்துகிற காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கொடுத்து உள்பாகங்களைக் கழுவி எண்ணெய் போட்டு வாங்கினேன். மேசையில் கிடந்தால் மட்டும் இரண்டு நாள் முடியுமுன் நின்றுவிடுகிறது. அது குறை இல்லை. உள்ளே இருப்பது 7009 என்ற தானியங்கி இயந்திரம். சாவியைத் திருகி முறுக்கேற்றும் வசதி அதற்குக் கிடையாது. கை ஆட ஆட உள்ளே ஓர் அரைவட்டத் தட்டு சுழன்று சுருள்வில்லை முறுக்கும். கையில் கட்டினால்தான் ஓடும், கட்டுவதற்குச் செயின் வேண்டும். அந்தச் செயின்தான் அறுந்து கிடக்கிறது.

1963இல் சீக்கோ இந்த வரிசையைத் தொடங்கியபோது ‘ஃபைவ்’ என்று பெயர் வைத்ததற்கு ஐந்து காரணம் சொன்னார்கள். தானாக முறுக்கேறும், கிழமையும் திகதியும் ஒரே சாளரத்தில் தெரியும், தண்ணீர் புகாது, சாவி நான்கு மணிப் பக்கம் உள்ளே பதிந்திருக்கும், கேஸும் செயினும் உறுதியாக இருக்கும். அந்தக் காலத்துப் பொறியியலாளர் செயினையும் மணிக்கூட்டோடு சேர்த்தே யோசித்திருக்கிறார்கள். எதையாவது மாட்டிவிட்டால் சரி என்று எனக்கு விட முடியாது.

மாமாவிடம் தோல் பட்டி போடுவோமா என்று கேட்டுப் பார்த்தேன். “வேணாம் மருமகன். கச்சான் காத்துக்க வேர்த்து ஒழுகும், ஒரு மாசத்துல நாறிப் போகும்” என்றார். கச்சான் எங்கள் வெக்கைக் காலத்துக் காற்று, அவர் சொல்வது நியாயம். மாரி வந்தால் அதே தோல் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். மட்டக்களப்புக் கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற எங்களுக்குத் தோல் ஒத்துவராது.

ஜூலை 7, ஞாயிறு

இன்று முழுவதும் அளவெடுப்பு. பாடசாலை ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கிமானியை வெள்ளியன்றே கேட்டு வாங்கி வந்திருந்தேன்.

செயின் மாட்டும் இரண்டு காதுகளுக்கும் இடையே 19 மில்லிமீற்றர். பழைய சீக்கோக்களில் இந்த அளவு நிறைய உண்டு. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 18 அல்லது 20. பதினெட்டைப் போட்டால் இரண்டு பக்கமும் அரை மில்லிமீற்றர் இடைவெளி விழும், செயின் பக்கவாட்டில் ஆடும், ஆடி ஆடிக் காதின் உட்பக்கத்தை அராவும். இருபதைப் போட வேண்டுமென்றால் எதையாவது அராவித்தான் ஆக வேண்டும். செயினை அராவினால் பிழையில்லை. கேஸை அராவ நான் ஒருக்காலும் விடமாட்டேன்.

பின்மூடியில் இரண்டு எண்கள் இருக்கின்றன. 7009 என்று தொடங்குவது இயந்திரத்தையும், கோட்டுக்குப் பிறகு வரும் நான்கு இலக்கம் கேஸையும் சொல்லும். ஒரிஜினல் செயின் தேடுகிறவர் இரண்டையும் சேர்த்தே தேட வேண்டும், ஏனென்றால் ஒரே இயந்திரத்தைப் பல வடிவக் கேஸ்களில் போட்டு விற்றிருக்கிறார்கள். மற்றது ஆறு இலக்கத் தொடர் எண். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். ஒக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி என்ற எழுத்துகள். மாமாவுடையது ‘8என்’. பத்தாண்டு எதுவென்று அந்த எண் சொல்லாது. 1979இல் அவர் குவைத்தில் வாங்கியது என்பதால் 1978 நவம்பர் என்று முடிவாகிறது. அந்த மாதம் 23ஆம் திகதிதான் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது. மாமாவுக்கு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கூரை பறந்த கதையை எத்தனையாவது தடவையோ சொன்னார். நானும் முதல் தடவை போலக் கேட்டேன்.

வளைகுடாவில் விற்றது என்பதற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. கிழமைத் தட்டில் அரபும் ஆங்கிலமும் இருக்கின்றன. மாமா அரபிலேயே வைத்திருக்கிறார், வாசிக்கவும் தெரியும்.

ஜூலை 13, சனி

கல்முனை போய் வந்தேன். பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பஜாரில் ஏறி இறங்காத மணிக்கூட்டுக் கடை இல்லை. காட்டியதெல்லாம் பளபளப்பு. ஒன்றின் பூட்டைத் திறந்து உட்பக்கம் பார்த்தேன், மூலையில் வெள்ளைப் பூச்சு உரிந்து மஞ்சள் தெரிந்தது. பித்தளையில் குரோம் பூசியது. எங்கள் உப்புக் காற்றிலும் வேர்வையிலும் அது பச்சை பிடிக்கும், சிலருக்குத் தோலும் அரிக்கும்.

இன்னொரு கடையில் நல்ல ஸ்டீல் செயின் இருந்தது. ஐந்து வரிசை மணிகள் கோத்த ஜுபிலி வகை, 1945இல் ரோலெக்ஸ் கொண்டுவந்த வடிவம், பிறகு எல்லோரும் செய்கிறார்கள். ஒவ்வொரு கண்ணியும் திண்ணென்று முழு ஸ்டீல். கையில் தூக்கிப் பார்த்ததும் வேண்டாம் என்று தோன்றியது. மாமாவின் மணிக்கூடு சிறியது, மெல்லியது. அதைவிட இந்தச் செயின் பாரம் கூட. கட்டினால் செயின் மணிக்கட்டின் அடிப்பக்கம் இழுக்கும், மணிக்கூடு புரண்டு பக்கத்தில் போய் நிற்கும். கடைக்காரத் தம்பி பொறுமையானவர், மணிக்கூட்டை வாங்கி வைத்தே காட்டினார். நுனி நேராக வெட்டியது, வட்டக் கேஸுக்கும் அதற்கும் நடுவே பிறை வடிவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியைப் பார்த்தாலே இது வேறு எதனுடையதோ என்று தெரிந்துவிடும். நான் தேடுவது அந்த இடைவெளி இல்லாத செயின்.

ஜூலை 20, சனி, போயா

பௌர்ணமி லீவு. அறுந்த செயினை மேசையில் பரப்பி வைத்துச் சுத்தம் செய்தேன். கேஸிலிருந்து கழற்றியாயிற்று என்பதால் தண்ணீருக்குப் பயமில்லை. இளஞ்சூட்டு நீர், சவர்க்காரம், பழைய பல்துலக்கி. தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது.

அந்தக் காலத்துச் செயின்களில் பெரும்பாலானவை மெல்லிய ஸ்டீல் தகட்டை மடித்துச் செய்தவை, உள்ளே வெறும் வெளி. அதனால்தான் அத்தனை இலேசு. ஆனால் அந்த வெளிக்குள் மணலும் வேர்வையும் புகுந்து, கை அசையும்போதெல்லாம் மடிப்புகளைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். படுக்கையாகப் பிடித்துப் பார்த்தால் தெரியும்: நல்ல செயின் நேராக நிற்கும், தேய்ந்தது தொங்கும். மாமாவுடையது தொய்ந்து வளைகிறது. தேய்ந்து போன இரும்பை மறுபடி வைக்க வழியில்லை, இறுக்கிவிட்டாலும் கொஞ்ச நாள்தான். இந்தச் செயினைக் காப்பாற்ற முடியாது.

ஆனால் இரண்டு நுனித் துண்டுகளும், கேஸோடு பொருந்தும் அந்த வளைந்த எண்ட் பீஸ்கள், கழுவியதும் புதிதுபோல வந்தன. அவை அசையாத இடத்தில் இருந்தவை, அதனால் தேயவில்லை. செயினோடு ஒட்டியவையும் அல்ல. ஸ்பிரிங் பார் என்கிற சின்னக் கம்பி எண்ட் பீஸின் ஓட்டைக்குள்ளும், செயினின் கடைசிக் கண்ணியில் இருக்கிற நாக்குக்குள்ளும் ஒன்றாகப் புகுந்து இரண்டையும் பிடிக்கிறது. அப்படியானால் வேறொரு செயினின் நாக்கு இந்த எண்ட் பீஸின் நடு இடைவெளிக்குள் சரியாக உட்கார்ந்தால் போதும். காதளவு 19 என்ற தலையிடியே இல்லை. இரவு முழுக்க இதே யோசனை.

ஜூலை 26, வெள்ளி

பாடசாலை விட்டதும் காத்தான்குடி போனேன். ஜும்ஆ முடிந்து கடைகள் திறக்கும் நேரம், பிரதான வீதியின் நடுவே நிற்கிற பேரீச்ச மரங்களின் நிழலில் காத்திருந்தேன்.

காக்காவிடம் எண்ட் பீஸ்களை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் பெரிதாகப் பேசவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் கொட்டினார். திருத்த முடியாமல் போன மணிக்கூடுகளின் செயின்கள். சீக்கோ, சிட்டிசன், ஓரியண்ட், பெயரில்லாதவை. ஒவ்வொன்றாக நாக்கை எண்ட் பீஸுக்குள் விட்டுப் பார்த்தோம். சில அகலம், சில உள்ளே போய் ஆடின. ஒரு சிட்டிசன் செயின் அருமையாகப் பொருந்தியது, ஆனால் அதுவும் தொங்கியது. கடைசியில் ஒரு சீக்கோ. அதே மடித்த தகடு, அதே காலத்து வேலை, பூட்டில் எழுத்து இன்னும் வாசிக்கலாம். படுக்கையாகப் பிடித்தேன், கிட்டத்தட்ட நேராக நின்றது. அவ்வளவாகக் கட்டப்படாதது.

“எண்ட் பீஸ் உங்கட, செயின் என்ட. நல்ல சோடிதான் தம்பி” என்றார் காக்கா. காசு எவ்வளவு என்றதற்கு, “அத மறுகா பார்ப்பம், முதல்ல பூட்டிப் பார்ப்பம்.”

ஸ்பிரிங் பார் இரண்டும் புதிது போடச் சொன்னேன். பழையதில் துரு. செயின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மணிக்கூடு தொங்குவது அந்த இரண்டு சின்னக் கம்பிகளில்தான். தடித்தது எண்ட் பீஸின் ஓட்டைக்குள் போகாது, மெல்லியது உள்ளே ஆடும். காக்கா இரண்டு மூன்று தடிப்பில் போட்டுப் பார்த்துத்தான் தெரிவு செய்தார். பிறை இடைவெளி இல்லை. சந்தோசத்தில் இரண்டு பேரும் பிளேன்டீ குடித்தோம்.

ஜூலை 28, ஞாயிறு

மாமாவின் கை முன்பைவிட மெலிந்துவிட்டது. பூட்டின் இரண்டு பக்கமும் சமமாகக் கண்ணிகளைக் கழற்றினேன், ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் பூட்டு மணிக்கட்டின் நடுவில் நிற்காது. மீதிச் சின்ன வித்தியாசத்தைப் பூட்டின் ஓரத்து ஓட்டைகளில் சரிசெய்தேன். சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் தளர்வு விட்டிருக்கிறேன், பகல் வெக்கையில் கை கொஞ்சம் வீங்கும்.

கட்டியதும் மாமா கையை உதறிப் பார்த்தார். “பாரம் தெரியல்ல” என்றார். அரபில் கிழமையைத் தானே சரிசெய்துகொண்டார்.

கழற்றிய கண்ணிகளை ஒரு சின்னப் போத்தலில் போட்டு அவருடைய அலுமாரியில் வைத்திருக்கிறேன், பின்னால் தேவைப்படும். மாதம் ஒருமுறை செயினை மட்டும் கழற்றிக் கழுவுவது என் பொறுப்பு.