எண்சீர் விருத்தத்தில் அழுதவர்கள்

பெரியம்மாவின் உடலைக் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் பார்வைக்கு வைத்திருந்தோம். பெட்டியைக் கண்டதும் மாமி நெஞ்சில் அடித்து, "என்ரை மச்சாள், என்னை விட்டிட்டு எங்கை போறியள்" என்று இழுத்தார். இரண்டாவது அடி வருவதற்குள் கோட்டுப் போட்ட பொடியன் ஒருவன் வந்து, பக்கத்து அறையில் வேறொரு குடும்பம் இருக்கிறது என்று படு மரியாதையாகச் சொல்லி, ஒரு போத்தல் தண்ணீரையும் நீட்டினான். மாமி வாங்கிக் குடித்தார். ஒப்பாரி அதோடு சரி.

ஊரில், யாழ்ப்பாணத்தில் என்றால் செத்தவீட்டுப் பறை ஒழுங்கை முனையிலேயே கேட்கும். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு தொடங்குவார்கள். செத்தவரின் கைப்பக்குவம் வரும், வேலிச் சண்டை வரும், காசு அனுப்பாத மகனும் வருவான். அவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

செத்தவீட்டுச் சடங்காக உரலில் சுண்ணப்பொடி இடித்தோம், குறை சொல்லக் கூடாது. ஆனால் தகனத்துக்கு நேரம் குறித்தாயிற்று, இடிக்கும்போது படிக்கும் திருப்பொற்சுண்ணம் 20 பாட்டும் படிக்க முடியவில்லை. சிவனுக்கு வாசப்பொடி இடிக்கும் பெண்கள் பாடுவதாக மாணிக்கவாசகர் பாடியது அது. முத்துமாலையும் பூமாலையும் தொங்கவிடச் சொல்லித்தான் தொடங்கும். அவ்வளவு கொண்டாட்டமான பாட்டுக்குத்தான் எங்கள் சனம் உடைந்து அழும். எனக்கு இங்கே எல்லாம் பழகிவிட்டது, குளிர், வரி, கறுப்புக் கோட்டு எல்லாம். ஆனால் உலக்கை விழுந்ததும் மீசாலையில் அப்புவின் முற்றத்தில் வெறுங்காலோடு நின்றேன்.

மண்டபத்தில் அடங்கிய அழுகை முழுக்க 31ஆம் நாள் கல்வெட்டில், அதாவது செத்தவர் நினைவாகப் பாட்டுகளோடு அச்சடிக்கும் புத்தகத்தில், வந்து சேர்ந்தது. ஊரில் ஒரு புலவருக்கு வாட்ஸ்அப்பில் விபரம் அனுப்பினோம்: பிள்ளைகள் எத்தனை பேர், குலதெய்வம் எது, என்ன வருத்தத்தில் போனார். செத்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவிலேயே சிக்கல். பெரியம்மா போனது இங்கே இரவு 10 மணிக்கு, ஊரில் அப்போது மறுநாள் காலை. எந்தத் தேதியைப் போடுவது என்று இரண்டு நாள் சண்டை. ஸ்காபரோ வெண்பாவுக்குள் நுழைய மறுத்துவிட்டது, புலவர் 'கனடாத் திருநாட்டில்' என்று சமாளித்துவிட்டார்.

அப்புறம் புலம்பல்கள். பிள்ளைகள் புலம்பல், சகோதரர் புலம்பல், மருமக்கள் புலம்பல். பெரியம்மாவோடு வருஷக்கணக்காகப் பேசாத மருமகன் எண்சீர் விருத்தத்தில் கதறியிருந்தார். சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பக்கத்தை அவர் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திருப்பாமல் இருந்ததையும் பார்த்தேன். தானாக எழுதத் தெரியாதவருக்கு யாரோ எழுதிக் கொடுத்த அழுகையும் உதவத்தான் செய்கிறது.

பேரன் மட்டும் புலவர் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் தானே எழுதினான். அம்மம்மா திட்டித் திட்டித்தான் புட்டுத் தருவா, இனி யார் என்னைத் திட்டுவது என்று ஆறு வரி. அச்சுக்குப் போகுமுன் பெரியவர்கள் அந்தத் திட்டை எடுக்கச் சொன்னார்கள். மாமி விடவில்லை. "ஒப்பாரியிலை திட்டும் சேந்துதானே வாறது, பிள்ளை சரியாத்தான் எழுதியிருக்கிறான்" என்றார். அப்படியே அச்சானது.