தக்கலைப் பக்கம் வர்றவங்களுக்கு

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போறவங்க பலரும் உதயகிரிக் கோட்டையைத் தாண்டித்தான் போறாங்க, இறங்குறதில்லை. நாகர்கோவில்ல தக்கலை பஸ் பிடிச்சு, தக்கலைக்கு முன்னாடியே புலியூர்க்குறிச்சியில இறங்கணும்.

கோட்டைக்குள்ள கூரை போன ஒரு சின்ன தேவாலயம். அதுலதான் டி லனாய் கல்லறை. 1741 குளச்சல் போர்ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாகிட்ட பிடிபட்ட டச்சுப் படைக்காரர். அப்புறம் அதே திருவிதாங்கூர் படைக்குத் தளபதி! 1777ல இறந்தார். கல்லுல லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கு. உச்சிவெயில்ல எழுத்து தெரியாது. சாய்வெயில்ல பாருங்க, வெட்டுப்பள்ளத்துல நிழல் விழுந்து வாசிக்க வரும்.

அரண்மனை இருக்கிறது நம்ம கன்னியாகுமரி மாவட்டம், நிர்வாகம் கேரள அரசு. திங்கள் லீவு. மதியச் சாப்பாட்டு நேரத்துல டிக்கெட் கவுண்டரும் அடைச்சிருவாங்க, அதனால காலையிலயே போயிருங்க. செருப்பை வெளிய விடணும். அந்தக் கறுப்புத் தரை ஜில்லுன்னு இருக்கும்.