நீல முண்டாசுக்காரி

ஜூன் 8, சனி

பென்சிலில் எத்தனையோ முகம் வரைந்தாயிற்று. எண்ணெய் வண்ணத்தில் இதுதான் முதல். டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ணை அப்படியே நகலெடுக்க உத்தேசம். சுமார் 1665இல் தீட்டியது, நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் மௌரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 44.5 செ.மீ., அகலம் 39. இவ்வளவு சின்னதா! அசல் அளவிலேயே 3 செ.மீ. கட்டம் போட்டேன். குறுக்கே 13, நெடுக்கே 15க்கு அரை சென்டிமீட்டர் குறைவு.

ஜூன் 9, ஞாயிறு

அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தைக் கரைத்து நிழல்களை மட்டும் போட்டேன். மாடிக்குத் துணி காயப்போட வந்த அம்மா நின்று பார்த்தார். “பாரதியாரா?” முத்தியால்பேட்டையில் முண்டாசு கட்டினால் வேறு யாராக இருக்க முடியும்!

ஜூன் 16, ஞாயிறு

அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரமே காய்ந்துவிட்டது. இன்று தோல் நிறம். காலை முழுக்க மூக்கோடு மல்லுக்கட்டு.

பென்சில் பழக்கத்தில் மூக்குத்தண்டுக்கு ஒரு கோடு இழுத்தேன். முகம் தகரத்தில் வெட்டி ஒட்டியதுபோல ஆயிற்று. சுரண்டினேன். மெல்லிசாக இழுத்தேன். மறுபடி சுரண்டினேன். அப்புறம்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: வெளிச்சம் விழும் பக்கம் மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே கோடே இல்லை! இரண்டும் ஒரே நிறம். இருந்தும் மூக்கு தெரிகிறது. இந்தப் பக்கத்து நிழலும் நுனியில் விழுந்த வெளிச்சமும் போதும்போல. மிச்சத்தை நம் கண்ணே போட்டுக்கொள்கிறது.

படத்தையும் கேன்வாஸையும் தலைகீழாக வைத்தேன். மூக்கு என்று தெரியாவிட்டால் கை சொன்னபடி கேட்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

முண்டாசு. வெர்மீரின் நீலம் லாபிஸ் லாசுலி கல்லை அரைத்தது. என்னுடையது ட்யூபில் வரும் பிரெஞ்சு அல்ட்ராமரைன். புதுச்சேரிக்காரனுக்கு அது போதும். வெறும் கறுப்புப் பின்னணி செத்துக் கிடந்தது. அசலில் அது பச்சைத் திரையாம். நிறம் மங்கிப் போயிருக்கிறது. திரை இருந்ததை 2018 ஆய்வில் கண்டுபிடித்தார்கள். கறுப்பின் மேல் மெல்லிய பச்சை பூசினேன். சரி, மூச்சு வந்தது.

ஜூன் 30, ஞாயிறு

முத்துக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மேலே கெட்டியாக ஒரு வெள்ளைப் பொட்டு, கீழே சட்டைக் காலரின் வெளிச்சம் மங்கலாக. வட்டம் கிடையாது, கொக்கியும் கிடையாது.

அம்மா கிட்டே போய் உற்றுப் பார்த்தார். “கொக்கியக் காணோமேடா, தோடு விழுந்துடப் போவுது.”