பிளக் பொயின்ற் பக்கத்து மேசைகள்

காலையில் கதவு திறந்ததும் எங்கள் நூலகத்தில் முதலில் நிறைவது, சுவரில் பிளக் பொயின்ற் உள்ள மேசைகள். ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் நேரே அங்கேதான் போவார்கள். ஒருவர் உட்கார்ந்து, மற்றக் கதிரைகளில் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் வைத்துக் கூட்டாளிகளுக்கு இடம் பிடித்துவிடுவார். அலுமாரிப் பக்கம் தலையைக்கூடத் திருப்புவதில்லை. குறிப்புகள், ரியூசன் வகுப்பில் கொடுக்கும் ரியூட், ஃபோன் எல்லாம் வீட்டிலிருந்தே வருகின்றன. எங்களிடம் அவர்களுக்குத் தேவை மின்சாரம், வைஃபை, ஃபான் காற்று, சத்தமில்லாத ஒரு மூலை.

மூத்த ஊழியர்கள் சிலருக்கு இதில் கோபம். "புத்தகம் எடுக்காதவைக்கு என்னத்துக்குக் கதிரை?" என்பார்கள். எனக்கு அந்தக் கோபம் வந்ததில்லை. கொழும்பில் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இரண்டு அறை வீட்டில் ஐந்தாறு பேரோடு இருந்து, பக்கத்தில் தொலைக்காட்சி ஓடப் படிக்கிற பிள்ளைக்கு, புத்தகம் கிடைப்பதைவிட ஒரு மேசை கிடைப்பது பெரிய காரியம். கொழும்பு பொது நூலகம் 1925இல் தொடங்கிய காலத்தில் புத்தகம் வாங்க வசதியில்லாதவர்கள் நூலகத்துக்கு வந்தார்கள். இன்று வருகிறவர்களிடம் பி.டி.எஃப். நிறைய இருக்கிறது, அதை இருந்து படிக்க இடந்தான் இல்லை.

2022இல் வந்தவர்கள் வேறு ரகம். தட்டுப்பாட்டால் ஜூலை மாதம் எரிபொருளைப் பங்கிட கியூஆர் அட்டை முறை வந்ததும் ஓட்டோ ஓட்டுகிறவர்கள் வாசலில் நிற்கத் தொடங்கினார்கள். அடையாள அட்டை எண், வாகன எண், செசி நம்பர் எல்லாம் இணையத்தளத்தில் பதிய வேண்டும். பதிந்தால்தான் ஓட்டோவுக்கு வாரத்துக்கு ஒதுக்கிய ஐந்து லீற்றர் கிடைக்கும். பலரிடம் பட்டன் ஃபோன்தான் இருந்தது. "மிஸ், உங்கட கொம்பியூட்டர்ல ஒருக்கா போட்டுத் தாங்கோ" என்று கேட்டு வருகிறவரிடம், இது இரவல் பகுதி, இங்கே அந்த வேலை இல்லை என்று சொல்ல முடியுமா? பதிந்து, அச்சடித்து, பழைய அங்கத்தவர் அட்டைகளுக்கென்று வாங்கி வைத்திருந்த பிளாஸ்ரிக் உறையில் போட்டும் கொடுத்தோம். அவர்களில் ஓரிருவர் பிறகு பிள்ளைகளைச் சிறுவர் பகுதியில் சேர்த்தார்கள். அதற்காகச் செய்தோம் என்று சொன்னால் அது பொய்.

அதே வருடம் இன்னொன்றும் நடந்தது. சந்தா கட்டி வாசித்துவந்த ஆங்கில ஆய்விதழ்த் தரவுத்தளம் ஒன்றை நிறுத்த வேண்டி வந்தது. கட்டணம் டொலரில். மார்ச் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபாய், மே மாதம் 360. வங்கியில் டொலரும் இல்லை. நிறுத்திய மறுநாளே, அதுவரை காசு கட்டி வாசித்த பழைய இதழ்களும் சேர்ந்து மறைந்துவிட்டன. நாங்கள் வாங்கியது இதழை அல்ல, வாசிக்கும் அனுமதியை என்று ஒப்பந்தத்தில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. அடித்தளத்தில் கட்டிவைத்திருந்த எண்பதுகளின் ஆய்விதழ்கள், கரப்பான் அரித்த முதுகோடு, அப்படியே இருந்தன. மின்வெட்டு நேரத்தில் ஒரு விரிவுரையாளர் ஜன்னல் வெளிச்சத்தில் அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "எல்லாம்தான் இன்ரநெட்டில இருக்கே, பிறகு நூலகம் எதுக்கு?" கேட்பவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தேடிப் பழகியவராக இருப்பார். தமிழில், அதுவும் இலங்கைத் தமிழில், ஒரு பழைய விடயத்தைத் தேடிப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்கமாட்டார்.

ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார். அவருடைய அப்பா இளவயதில் எழுதிய கவிதை ஒன்று பத்திரிகையில் வந்ததாம். வெளிநாட்டிலிருக்கும் பேரப்பிள்ளைகள் இரவிரவாகக் கூகுளில் தேடியும் கிடைக்கவில்லை.

"எந்த வருசம் எண்டு தெரியுமே ஐயா?"

"அது தெரியாது பிள்ளை. அப்பா சொன்னது, சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு எண்டு."

"58 கலவரத்துக்கு முந்தியோ, பிந்தியோ?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "முந்தி. கலவரத்தோட அப்பா ஊருக்குப் போயிட்டார். பிறகு எழுதவே இல்லை."

சட்டம் 1956 ஜூனில், கலவரம் 1958 மேயில். இன்னும் கொஞ்சம் கதைத்தபோது, அந்தத் தாளில் பெரிய விளக்குப் படம் இருந்ததாக அம்மா சொல்லிக் கேட்ட ஞாபகம் வந்தது. அப்படியென்றால் தீபாவளி மலர். இரண்டே இரண்டு மலர்களுக்குள் விடயம் வந்துவிட்டது. 56ஆம் ஆண்டுக் கட்டு எங்களிடம் இருந்தது. அதில் இல்லை. 57க்குத் தேசிய சுவடிகள் காப்பகத்துக்கு அனுப்பினேன். என்ன எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த கிழமை வட்ஸ்அப்பில் படம் வந்தது. கவிதைக்குக் கீழே புனைபெயர் மட்டும்தான். அந்தப் பக்கத்தை யாராவது ஸ்கான் செய்து இணையத்தில் போட்டிருந்தாலும், அப்பாவின் பெயரைப் போட்டுத் தேடிய பேரப்பிள்ளைகளுக்கு அது அகப்பட்டிருக்காது.

இந்தப் பெயர்ச் சிக்கல்தான் இப்போது என் வேலையில் பாதி. எங்கள் பட்டியலில் 'மகாகவி' என்று தட்டினால் பாரதி பாரதியாக வந்து விழும். நம்முடைய மகாகவி, அதாவது அந்தப் புனைபெயரில் எழுதிய ஈழத்துக் கவிஞர் து. உருத்திரமூர்த்தி, அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடுவார். ஷேக்ஸ்பியர் ஒரு இடத்தில், சேக்ஸ்பியர் இன்னொரு இடத்தில், செகசிற்பியர் மூன்றாவது இடத்தில் இருப்பார். மூன்றும் ஒரே ஆள் என்று கணினிக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். அட்டைப் பெட்டிக் காலத்தில் 'இதையும் பார்க்க' என்று ஒரு அட்டை எழுதிச் செருகினால் போதும். இப்போது அதே வேலையை கோஹா என்ற நூலகப் பட்டியல் மென்பொருளில் செய்கிறோம்.

இதற்குமேல் பாமினி. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தமிழ்ப் பட்டியலைக் கணினியில் ஏற்றியவர்கள், அப்போது எல்லோரையும் போல, பாமினி எழுத்துருவில் தட்டினார்கள். திரையில் அழகான தமிழ். கணினிக்கோ அது ஆங்கில எழுத்துகளும், புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் ஒரு அரைப்புள்ளியும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், அடைகாத்த முட்டையை உடைத்த மாதிரி என்னவென்றே தெரியாத ஒன்று கிடக்கும். யுனிகோடுக்கு மாற்றும் செயலி இருக்கிறது, சரி. ஆனால் பதிவின் நடுவில் பதிப்பகத்தின் பெயரை யாராவது ஆங்கிலத்தில் தட்டியிருந்தால் அதையும் தமிழாக்கி உளறிவைக்கும். ஒவ்வொரு பதிவையும் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். கூட்டங்களில் இந்த வேலைக்கு ஆள் கேட்டால் ஸ்கானர் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். ஸ்கானரைத் திறப்புவிழாவில் படம் எடுக்கலாம். பட்டியல் திருத்துவதை யார் படம் எடுப்பார்கள்?

ஸ்கானர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அதை அறிந்த எந்தத் தமிழ் நூலகருக்கும் இரண்டாவது பிரதி என்பது நவீனமயமாக்கல் சம்பந்தப்பட்ட விடயமே இல்லை. 2005இல் 'நூலகம்' என்ற மின்னூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்தில் சேர்க்கத் தொடங்கியது அந்தப் பின்னணியில்தான். நாங்கள் தேடிக் கொடுக்கும் ஈழத்துச் சஞ்சிகைகளில் கணிசமானவை இன்று அங்கேயிருந்துதான் கிடைக்கின்றன. அங்கும் ஒரு பிள்ளை உட்கார்ந்து தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, இதழ் எண் என்று பார்த்துப் பார்த்துத் தட்டியிருக்கிறது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள், பழைய ணை, லை, றா வடிவங்களைக் கண்டால் இன்னமும் தடுமாறுகிறது. தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்திய அச்சில் பெரும்பாலானவை அந்த வடிவத்தில்தான்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு உசாத்துணைப் பட்டியலோடு வருகிறார்கள். மலையகத் தொழிற்சங்க வரலாறு பற்றிக் கட்டுரை எழுதிய தங்கச்சி ஒருத்தி நீட்டிய பட்டியல் பார்க்க மிக ஒழுங்காக இருந்தது. ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் உண்டு. எங்கள் அலுமாரியில் இல்லை, தேசிய நூலகத்தின் பட்டியலில் இல்லை, 'நூலகம்' இணையத்தளத்திலும் இல்லை. ஆசிரியர் உண்மையான ஆள், அந்தப் புத்தகத்தை மட்டும் அவர் எழுதவே இல்லை.

"அப்ப மிஸ், பக்க எண்ணும் இருக்கே?" என்று கேட்டாள்.

அவளுக்கு வேண்டிய உண்மையான நூல்கள் நிலவறையில் இருந்தன. இரண்டைக் கையில் கொடுத்து, பின்பக்கத்து உசாத்துணையைப் பிடித்து மேலே போகும்படி சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் அதே இல்லாத புத்தகத்தைக் கேட்டு அவளுடைய வகுப்பிலிருந்து இன்னொருவர் வந்தார்.

அதிலிருந்து அப்படியான தலைப்புகளை ஒரு கொப்பியில் குறித்து வைக்கிறோம். மறுபடி யாராவது கேட்டால் அரை மணித்தியாலம் மிச்சம். எங்கள் உதவியாளர் தம்பிக்கு இதில் பெரிய பகிடி, இந்தக் கொப்பிக்கும் ஒரு வகுப்பெண் போட வேண்டுமாம். நூல்களை வகைப்படுத்த நாங்கள் பயன்படுத்தும் டூவி தசம முறையில் அதற்கும் இடம் இருக்கிறது: 098, தடைசெய்யப்பட்ட நூல்களும் போலிகளும். இலக்கத்தை ஒட்டிவிட்டார்.